மீட்டரில் ஒன்று

திருப்புளியார் யாரையும் லேசில் நம்புகிறவர் இல்லை. முப்பது வருஷமாகப் பழைய வீடியோ கேம் மெஷின்களைப் பிரித்துப் பழுது பார்த்தவர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னத் திருப்புளி இருக்கும். பட்டப்பெயர் அதிலிருந்து வந்தது. "மெஷின் தானா நின்னு போச்சு சார்" என்று யாராவது சொன்னால், உதைத்திருக்கிறான் என்று எடுத்துக்கொள்வார். பத்துக்கு ஒன்பது தடவை உதைத்த தடமும் இருக்கும். சும்மா சொல்லக் கூடாது, ஜெயித்து ஜெயித்து வளர்ந்த சந்தேகம் அது.

இப்போது அவருக்குக் கணக்கு டீச்சர் மேல் சந்தேகம்.

வீடியோ கேம் அருங்காட்சியகத்தில் புகழ்க்கூடம் என்று ஓர் அறை உண்டு. எந்தப் பழைய ஆட்டத்துக்கு அங்கே இடம் என்று வருஷத்துக்கு ஒரு தடவை ஐந்து பேர் கூடி முடிவு செய்வார்கள். தலைவர் ஓய்வு பெற்ற நூலகர். மற்றவர்கள் ஒரு பல் டாக்டர், ஒரு கார்ட்டூன் ஓவியர், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், அப்புறம் நம்ம திருப்புளியார். ஒருவர் ஓர் ஆட்டத்தை முன்மொழிவார். எல்லோரும் அதன் அசல் மெஷினில் தனியாக ஒரு மணி நேரம் ஆடிப் பார்க்க வேண்டும். பிறகுதான் ஓட்டு. நாலில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும், அதாவது ஐந்து பேரில் நாலு பேர்.

இந்த வருஷம் திருப்புளியார் முன்மொழிந்தது 'சுரங்க எலி'. தண்ணீர் ஏற ஏற, வாயில் தானியத்தைக் கவ்விக்கொண்டு ஓர் எலி மேலே மேலே ஓடும். அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் அவர் வாழ்க்கையில் முதல் முதலாகப் பின்பலகை கழற்றிப் பார்த்த மெஷின் அது. உலகத்தில் ஓடுகிற நிலையில் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று என்று கேள்வி. அதையும் பதினோரு மாதம் உட்கார்ந்து உயிர்ப்பித்தவர் அவர்தான். புகழ்க்கூடத்துக்குள் போனால் அதற்குக் கண்ணாடி அறை, பெயர்ப்பலகை, பராமரிப்பு. போகாவிட்டால் கிடங்கில் துருப்பிடிக்க வேண்டியதுதான். பெற்ற பிள்ளைக்கு இடம் கேட்டு அலைகிற தகப்பன் மாதிரி அவர் தவித்தார் என்றால் மிகையில்லை.

ஓவியர் 'முடியாது' என்று போடுவார் என்பது தெரிந்த விஷயம். "எலியா அது? பெருச்சாளிக்கும் பொறுக்காத படம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் ஒருத்தர் போனால் பரவாயில்லை. ஆனால் டீச்சரும் எதிராகப் போடப்போகிறார் என்று பல் டாக்டர் காதில் போட்டபோது திருப்புளியார் விரல் விட்டு எண்ணினார்: தலைவர், டாக்டர், தான், மூன்றுதான் தேறியது.

ஆறு வருஷமாகக் குழுவில் இருக்கும் டீச்சர் அதிகம் பேச மாட்டார். ஓட்டுச் சீட்டைப் பரீட்சைத்தாள் மாதிரி இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதுவார். இதெல்லாம் போதாதா? திருப்புளியார் தன் வேலையைக் காட்டினார். ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் ஒரு மீட்டர் இருக்கும். ஆட்டத்தைத் தொடங்குகிற பொத்தானை அமுக்கினால் ஓர் எண் கூடும். யார் உள்ளே போவதற்கு முன்னாலும், வந்த பின்னாலும் அவர் ரகசியமாகப் பின்பலகையைத் திறந்து குறித்துக்கொள்வது வழக்கம். தலைவரின் ஒரு மணி நேரத்தில் பதினேழு. டாக்டருக்கு இருபத்தொன்று, மனுஷன் பாவம், எலியைத் தண்ணீரில் போடுவதற்கென்றே பிறந்தவர். ஓவியருக்குப் பதினாலு. திருப்புளியார் ஆறு ஆட்டத்திலேயே ஒரு மணி நேரத்தை ஓட்டிவிட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

டீச்சர் ஆடி முடித்து, மெஷினை அணைத்துவிட்டு வெளியே வந்தார். பின்பலகையைத் திறந்தால் மீட்டர் ஒன்றுதான் கூடியிருந்தது.

ஒன்று! பொத்தானை அமுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரே நிமிஷத்தில் எலி மூழ்கிவிடும். அப்படியானால் மிச்சம் ஐம்பத்தொன்பது நிமிஷமும் இந்த அம்மாள் என்ன செய்தார்? அணைத்துவிட்டுப் போனதும் உறுத்தியது. அணைத்தால், ஆடியவர் எடுத்த புள்ளிகளை எல்லாம் அந்த மெஷின் மறந்துவிடும். தடயம் இல்லை பாருங்கள்!

வீட்டில் மனைவியிடம் கொட்டினார்.

"ஆடவே ஆடாம ஓட்டுப் போடப் போறாங்க. கையும் களவுமா பிடிச்சிருக்கேன்."

"நேர்ல கேட்டீங்களா?"

"கேட்டா உஷாராயிடுவாங்க."

"போன மாசம் பால்காரர் தண்ணி கலக்குறார்னு பாட்டில் பாட்டிலா வெச்சுப் பாத்தீங்க. கடைசில நம்ம ஃபிரிட்ஜ்தான் கெட்டுப் போயிருந்துச்சு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான்."

"இது பால் இல்லடி. மீட்டர்."

"என்னவோ பண்ணுங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணுங்க" என்று அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அவர் கேட்கவில்லை. கூட்டத்தன்று நேராக எழுந்து நின்று, குறிப்பேட்டைப் பிரித்து, எல்லோர் எண்களையும் வாசித்துவிட்டுச் சொன்னார்: "ஆடிப் பாக்காதவங்க ஓட்டு செல்லாது. டீச்சர் ஓட்டைத் தள்ளணும்."

டாக்டர் இருபத்தொன்று என்று கேட்டதும் மேஜை விளிம்பைப் பார்க்க ஆரம்பித்தார். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "டீச்சர், என்ன சொல்றீங்க?"

"ஒரு தடவைதான் ஆடினேன்" என்றார் டீச்சர்.

"பாத்தீங்களா! அவங்க வாயாலேயே வந்துடுச்சு!"

"ஒரு மணி நேரமும் அந்த ஒரு ஆட்டத்தைத்தான் ஆடினேன். எலி சாகலை."

திருப்புளியார் வாய்விட்டுச் சிரித்தார். "முப்பது வருஷமா ஆடுறேன் டீச்சர். இருபத்திரண்டு நிமிஷத்துக்கு மேல எந்தக் கொம்பனும் தாங்கினதில்ல. காது குத்தினது போதும்."

டீச்சர் கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். "வாங்க, பாத்துட்டே பேசலாம்."

பக்கத்து அறையில் எல்லோரும் மெஷினைச் சுற்றி நின்றார்கள். டீச்சர் பொத்தானை அமுக்கினார். அதற்கப்புறம் நடந்ததைத் திருப்புளியாரால் நம்பவும் முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை. அந்த அம்மாள் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. வீட்டில் இருட்டில் நடந்து தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி எலியைக் கொண்டு போனார். திருப்புளியாருக்கு எப்போதும் உயிர் போகிற ஒன்பதாவது சுரங்கம் வந்தது. டீச்சர் எலியை நேராகச் சுவரில் மோதவிட்டார். சுவர் திறந்தது. உள்ளே ஒரு குட்டி அறை, அதில் ஓர் எலிப் பெண் உட்கார்ந்து என்னவோ எழுதிக்கொண்டிருந்தது.

"இப்படி ஒரு அறை இருக்கா?" என்று திருப்புளியார் திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"நான்தான் வெச்சேன். இந்த ஆட்டத்தை எழுதினது நான்."

எலி ஓடிக்கொண்டே இருந்தது. மெஷின் வந்த அட்டைப் பெட்டியில் ஆட்டத்தை உருவாக்கியவர் என்று ஓர் ஆணின் பெயர் அச்சாகியிருந்தது. திருப்புளியார் தன் முன்மொழிவில் ஒன்றரைப் பக்கத்துக்குப் புகழ்ந்திருந்ததும் அந்தப் பெயரைத்தான்.

"அவர் எங்க அண்ணன்" என்றார் டீச்சர், கையை எடுக்காமல். "கம்பெனி அவரோடது. ராத்திரி பகலா எழுதினது நான். பொண்ணு செஞ்சதுன்னா யாரு வாங்குவான்னு கேட்டார். வீட்டுக்குள்ளதானே, யார் பேர் இருந்தா என்னன்னு அம்மா சொன்னாங்க. அண்ணன் இருந்தவரைக்கும் நான் வாயைத் திறக்கலை. அவரும் போயாச்சு. இப்போ அதே பொய்யைப் பலகையில வேற பொறிக்கணுமா? அதான் முடியாதுன்னு போட நெனச்சேன்."

தலைவர் தொண்டையைச் செருமினார். "அப்படின்னா வேற சிக்கல் வருது. ஆட்டத்தைச் செஞ்சவங்க ஓட்டுப் போடக் கூடாது. உங்க ஓட்டு செல்லாது டீச்சர். மிச்சம் நாலு பேர்ல மூணு பேர் ஆதரவு. சுரங்க எலி தேர்வாகுது."

திருப்புளியார் ஒரு கணம் குதிக்கப்போனார். கால் எழவில்லை.

"அப்போ பலகையில அவங்க பேர்தானே?" என்று டாக்டர் கேட்டார்.

"அது எப்படி?" என்றார் தலைவர். "பெட்டியிலயோ, கம்பெனிக் கடிதத்துலயோ, நம்ம பதிவேட்டுலயோ இல்லாத பேரைப் போடக் கூடாதுன்னு விதி இருக்கு. நல்லா ஆடுறதால எழுதினதா ஆயிடுமா? அந்த அறையைக்கூட அண்ணன் சொல்லிக் குடுத்திருக்கலாமே."

டீச்சர் திரும்பிப் பார்த்தார். "ஓட்டைத் தள்ளுறதுக்கு நான் செஞ்சவ. பலகைக்கு மட்டும் நான் யாரோவா?"

"ஓட்டைத் தள்ள சந்தேகம் போதும். பலகைக்கு ஆதாரம் வேணும். நான் என்ன பண்ண? ரெண்டு விதியையும் கொண்டு வந்தது நம்ம திருப்புளியார்தான்."

உண்மைதான். நாலு வருஷத்துக்கு முன்னால் மேஜையைத் தட்டித் தட்டி நிறைவேற்றியவர் அவர்தான். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று: அண்ணன் சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்பது தலைவர் சொல்வதற்கு முன்பே அவர் மனசிலும் ஓடியிருந்தது.

அப்போது திரையில் எலி ஒரு மூலையில் திரும்பி, விக்கல் எடுத்த மாதிரி ஒரு விநாடி நின்றது.

டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "இது என் தப்பு. இந்தத் திருப்பத்துல ஒரு வரி மாத்தி எழுதிட்டேன். அன்னிக்குக் காய்ச்சல். அப்புறம் திருத்த விடலை, பெட்டியெல்லாம் அச்சாயிடுச்சு. மெஷின் கோளாறுன்னு அண்ணன் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சார்."

திருப்புளியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஒரு விநாடிக்காக அவர் எத்தனை பாகம் மாற்றியிருப்பார்! ஒயரை மாற்றினார், கைப்பிடியை மாற்றினார், தன் கைராசியையே சந்தேகப்பட்டார். ரகசிய அறை வைத்தேன் என்று பெருமை பேச ஆயிரம் பேர் வருவார்கள். யாருமே கேட்காதபோது, இந்தத் தப்பு என்னுடையது என்று நாக்கைக் கடிக்கிறவர் ஒருத்தர்தான் இருக்க முடியும். முப்பது வருஷத் தொழிலில் அவர் தெரிந்துகொண்டது அது: உடைத்தவன் ஒத்துக்கொள்ள மாட்டான், செய்தவன்தான் தன் குறையைச் சொல்வான். முதல் தடவையாக ஒரு மனுஷப் பேச்சைத் தடயம் கேட்காமல் நம்பினார். நம்புவதற்கு இவ்வளவு வலிக்கும் என்று அவருக்குத் தெரியாது.

"தலைவரே, இன்னும் கையெழுத்துப் போடலைதானே?"

"இல்ல. ஏன்?"

"முன்மொழிஞ்சவன் வாபஸ் வாங்கலாம்ல? காரணத்தை அவன் கைப்படவே பதிவேட்டுல எழுதணும், யாரும் அடிக்கக் கூடாது. அந்த விதியும் இருக்குல்ல?"

தலைவர் திகைத்தார். "வாபஸ் வாங்கினா மூணு வருஷத்துக்கு அந்த ஆட்டம் திரும்ப வர முடியாதுய்யா. இதுக்குத்தானே தலைகீழா நின்னீங்க? மெஷின் நாளைக்கே கிடங்குக்குப் போயிடும்."

"போகட்டும்" என்றார் திருப்புளியார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

தலைவர் கையிலிருந்த பதிவேட்டையும் பேனாவையும் வாங்கி எழுதினார்: 'சுரங்க எலி ஆட்டத்தை உருவாக்கியவர் பெயர் தவறாகத் தரப்பட்டுள்ளது. உண்மையில் உருவாக்கியவர்...' அங்கே பேனா நின்றது. ஆறு வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார். டீச்சர், டீச்சர் என்றே கூப்பிட்டிருக்கிறார். அந்த அம்மாளைக் கண்காணிக்கத் தெரிந்தவருக்குப் பெயரைக் கேட்டுக்கொள்ளத் தோன்றியதே இல்லை.

"டீச்சர், உங்க முழுப் பேர் என்ன?"

டீச்சர் அப்போதுதான் மெஷினிலிருந்து கையை எடுத்தார். எலி மூழ்கியது. கிட்டே வந்து நின்று, எழுத்தெழுத்தாகச் சொன்னார். அவர் எழுதி முடித்ததும், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த ஒரு வரியை இரண்டு தடவை படித்தார்.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றார் திருப்புளியார். "இனி உங்க பேர் பதிவேட்டுல இருக்கு, பலகையிலயும் போடலாம். ஆனா மூணு வருஷம் காத்திருக்கணும்."

"மூணு வருஷமா?" டீச்சர் சிரித்தார், ஆறு வருஷத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "முப்பத்தஞ்சு வருஷம் காத்திருந்தவளுக்கு மூணு வருஷத்தைச் சொல்லிப் பயமுறுத்துறீங்களே!"