தையலுக்கு விட்ட துணி

ஊரில் பாதிப் பேருடைய இடுப்பளவு எனக்கு மனப்பாடம். யாருக்குத் தொந்தி இறங்கியிருக்கிறது, யார் வயிற்றை எக்கிக்கொண்டு அளவு கொடுக்கிறார் என்பதெல்லாம் டேப்பை வைப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்ட டெய்லரான நான், அறுவை சிகிச்சை முடிந்த நாளிலிருந்து என் சொந்த வயிற்றை மட்டும் குனிந்து பார்க்கவில்லை.

அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மலக்குடலிலிருந்த புற்றுக் கட்டியை வெட்டியெடுத்துவிட்டு, குடலின் நுனியை இடப்பக்க வயிறு வழியாக வெளியே கொண்டுவந்து தைத்திருந்தார்கள். இனி ஆயுசுக்கும் மலம் அந்த வழியாகத்தான், அதன்மேல் ஒட்டிய பைக்குள்தான் வரும். கட்டி முழுதாக வந்துவிட்டது, ஓரங்களெல்லாம் சுத்தம் என்று டாக்டர் சொன்னபோது என் மனைவி அழுதாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பிழைத்ததற்குச் சந்தோஷப்படக்கூடத் தெரியாத ஜென்மம் என்று அந்த டாக்டர் நினைத்திருப்பார்.

பை மாற்றும் வேலையை நர்சுகளிடம் கற்றுக்கொண்டு மனைவியே செய்தாள். அவள் சரக்கு ரயில் ஓட்டுகிறவள். எங்கள் தெருவில் எஞ்சின்காரி என்று சொன்னால்தான் ஆளைத் தெரியும். அவள் பையைக் கழற்றும்போது நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு நாளும் அவள் முகம் சுளித்ததில்லை என்று சொல்ல ஆசைதான். பார்த்தால்தானே சொல்வதற்கு.

வீட்டுக்கு அனுப்பும் பேச்சு வந்ததும் ஸ்டோமா நர்ஸ் வந்தார். வயிற்றில் வைத்த அந்தத் திறப்புக்குத்தான் ஸ்டோமா என்று பெயர். அதோடு குடித்தனம் நடத்தச் சொல்லிக்கொடுத்து அனுப்புவது அவர் வேலை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெண் பார்க்க வந்தவரைப்போலத் துருவித் துருவிக் கேட்டார். வீட்டில் படி உண்டா, கழிவறை எங்கே, கடையில் துணிக் கட்டைத் தூக்குவது யார் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் பை மாற்றப்போவது யார் என்றார்.

"நான்தான்" என்றாள் மனைவி.

"நீங்க வண்டியில போயிட்டா வீடு திரும்ப ரெண்டு மூணு நாள் ஆகும்னு சொன்னீங்களே?"

"ஆபீஸ்ல உட்கார்ற வேலை கேட்டிருக்கேன் சிஸ்டர். எஞ்சினை விட்டுடறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த எஞ்சினில் ஏறுவதற்கு அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். எத்தனையோ வருஷம் உதவி ஓட்டுநராக இருந்து, பரீட்சை எழுதி, ஆம்பிளை வேலை உனக்கெதற்கு என்றவர்களின் வாயை அடைத்துத்தான் அந்த இருக்கையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும், பாலத்தில் ஏறுகையில் ஆற்றில் தண்ணீர் எப்படி ஓடியது என்று சொல்லாமல் இருக்கமாட்டாள். அவளைக் கொண்டுபோய் நான் மேசைக்குப் பின்னால் உட்காரவைப்பதா? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதை யார்மேல் காட்டுவதென்றுதான் தெரியவில்லை.

"வேண்டாம்னு சொல்லிடு" என்றேன்.

"அப்புறம் பையை யாரு மாத்துவா? நீங்க பார்த்துட்டே இருக்கீங்களே, அந்த ஜன்னலா?"

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். பிறகு பையைக் கழற்றிவிட்டு என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். எஞ்சினை நினைத்துக்கொண்டு குனிந்தேன்.

உதட்டின் உள்பக்கத்தைப்போலச் சிவப்பாக, ஈரமாக இருந்தது. அவ்வளவுதான். தொட்டால் வலிக்காது என்றார் நர்ஸ். தொட்டேன். வலிக்கவில்லை, ஆனால் அழுகை வந்துவிட்டது. இது என் உடம்பு, இதுவும் என் உடம்புதான் என்று சொல்லிக்கொண்டு அழுதேன்.

புதுப் பையின் ஒட்டும் பக்கத்தில் ஸ்டோமாவின் அளவுக்கு ஒரு வட்டம் வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் கைக்கு வந்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. அதற்குள் பக்கத்துப் படுக்கையிலிருந்து நர்சை அவசரமாகக் கூப்பிட்டார்கள். இதென்ன பிரமாதம் என்று நானே அளந்து, நானே வெட்டி, நானே ஒட்டி, சட்டைப் பொத்தானையும் போட்டுக்கொண்டு கெத்தாக உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாடு வருவதற்குள் மானம் போயிற்று. பையின் ஓரத்தில் கசிந்து சட்டை, படுக்கை விரிப்பு எல்லாம் பாழ். நாற்றம் அறை முழுக்க. மனைவி ஓடிவந்து கையுறையை மாட்டினாள். ஜன்னல் பக்கம் திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"நீ தள்ளு. நான் செய்யறேன்" என்றேன்.

திரும்பி வந்த நர்ஸ் நான் கழற்றிவைத்த பையை எடுத்துப் பார்த்தார். வட்டம் கச்சிதமான வட்டம்தான், ஆனால் ஸ்டோமாவைச் சுற்றி விரலே நுழையும்போல அகலமாக இருந்தது. ஏன் இவ்வளவு பெரிதாக வெட்டினேன் என்று கேட்டார்.

"அளவுக்கு மேல வெட்டியே பழகின கை. தையலுக்கு விட்டிருக்கேன் சிஸ்டர்."

"அதை யாரு தைக்கப்போறா?"

முதலில் சிரித்தது மனைவிதான். பிறகு நானும் சிரித்தேன். தையல் போட்ட வயிறு சுண்டி இழுத்தது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இந்த வேலைக்கு மட்டும் மிச்சம் விடக்கூடாது, மயிரிழை இடைவெளி போதும், வெளியே தெரிகிற தோலில் மலம் பட்டால் புண்ணாகிவிடும் என்றார் நர்ஸ். வீக்கம் வடிய வடிய ஸ்டோமாவும் சுருங்கும், அதனால் ஒவ்வொரு தடவையும் புதிதாக அளக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அளக்காதவன் டெய்லரே இல்லை என்று நான் அவருக்குச் சொன்னேன்.

இரண்டாவது பை கசியவில்லை. மனைவி அறைக்கு வெளியே போய் யாருக்கோ போன் செய்தாள். திரும்பி வந்து, மேசை வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். ஸ்டோமா கறுத்தாலோ, வயிறு வீங்கிப் பைக்கு ஒன்றும் வராமல் போனாலோ உடனே கூப்பிட வேண்டும், கனம் தூக்கக்கூடாது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை, வருஷம் முடிவதற்குள் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது என்று இன்னும் எத்தனையோ சொல்லித்தான் எங்களை அனுப்பினார்கள். என் தம்பியும் குடலைக் காட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அவனிடம் சொன்னதற்கு, உனக்கு வந்தால் எனக்குமா என்று குதித்தான். குதித்து முடித்தபின் போய்க் காட்டிவிட்டு வந்தான்.

முதல் பரிசோதனையின் முடிவைக் கேட்க நான் தனியாகப் போனேன். எஞ்சின்காரி வண்டியில் இருந்தாள். பெஞ்சில் காத்திருந்தபோது, புற்று திரும்பி வந்திருந்தால் அவளுக்கு எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறது, அடுத்து மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். இந்தத் தடவை அவருக்குச் சிரித்துக் காட்டினேன்.

மறுநாள் மத்தியானம் அவள் சீருடையோடு நேராகக் கடைக்கு வந்தாள், கையில் எனக்கு வாங்கிய பழப் பை. சேதியைச் சொன்னேன். அவள் கடைக் கண்ணாடிமேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதுதான் பார்த்தேன். பேன்ட் இடுப்பில் கொசுவம் கொசுவமாகச் சுருங்கி, பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டையில் நின்றது. தையல்காரன் பெண்டாட்டியின் இடுப்பில் ஊக்கு வேறு. மூன்று மாதமாக என் வயிற்றையே அளந்துகொண்டிருந்த எனக்கு அது கண்ணில் படவில்லை.

டேப்பை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றினேன்.

"வயித்தை எக்காம நில்லு."

"எக்கலைங்க. அவ்வளவுதான் இருக்கு."

என் உடம்பிலிருந்து போனது மட்டும்தான் எனக்குக் கணக்கு. அவள் உடம்பிலிருந்து இவ்வளவு போயிருக்கிறது. வேறு துணி கட்டிக்கொண்டு பேன்ட்டைக் கொடுக்கச் சொன்னேன். இடுப்பைப் பிரித்து, உள்ளே பிடித்துத் தைத்தேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள இருக்கிற மிச்சத்தை வெட்டிடுங்களேன், உறுத்தும்."

"வேண்டாம், இருக்கட்டும். உனக்குத் திரும்ப உடம்பு வைக்கும். அப்ப பிரிச்சுவிடத் துணி வேணும்."

அவள் பெஞ்சில் உட்கார்ந்து, எனக்கென்று வாங்கிவந்த பழத்தைத் தானே உரித்துத் தின்ன ஆரம்பித்தாள்.