அப்பா கியர் போடுகிறார்

அப்பா பேச்சை மறந்துவிட்டார், பெயர்களை மறந்துவிட்டார், விழுங்குவதைக்கூடப் பாதி மறந்துவிட்டார். கியர் போடுவதை மட்டும் மறக்கவில்லை. வாழ்நாள் முழுக்க டவுன் பஸ் ஓட்டிய மனிதர். கட்டிலில் கிடந்தபடியே இடது கையை முஷ்டியாக்கி இடுப்போரமாக முன்னே தள்ளுவார், பின்னே இழுப்பார், மறுபடியும் தள்ளுவார்.

மகளுக்கு அது போதும். இனி ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டிலேயே நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். "பாவம், ஒண்ணுமே தெரியலையே" என்று யாராவது ஆரம்பித்தால் இவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். செல்போனை எடுத்து, அந்தக் கை அசையும் வீடியோவைப் போட்டு மூஞ்சிக்கு நேராக நீட்டுவாள்.

"ஒண்ணும் தெரியாதவரா? பாருங்க, எங்கப்பா மேடு ஏத்துறாரு!"

அவள் புருஷன் இன்னும் ஒரு படி மேலே. டயப்பர் மாற்ற மாமனாரைப் புரட்டும்போதெல்லாம் வண்டி கிளம்பிவிடும். "மாமா, ஸ்டாப்பிங் வந்தாச்சு, பிரேக் போடுங்க, ஆள் எறங்கணும்" என்பான். புருஷனும் பெண்டாட்டியும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்த வீட்டில் மிச்சமிருந்த சிரிப்பு அது ஒன்றுதான், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வாரா வாரம் வீட்டுக்கு வந்து அப்பாவைப் பார்க்கும் நர்ஸ் சிஸ்டர் அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். மகள் அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். முஷ்டி நகர ஆரம்பித்தது.

"பாத்தீங்களா சிஸ்டர், கெளம்பிட்டாரு!"

சிஸ்டர் சிரிக்கவில்லை. கையைப் பார்க்காமல் அப்பாவின் முகத்தையே பார்த்தார். மடங்கி இறுகிப்போன காலை லேசாக நீட்டினார், முஷ்டி வேகமெடுத்தது. முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தார், கொஞ்சம் தணிந்தது.

"எப்பவும் பொரட்டுறப்பத்தான் இப்படிப் பண்ணுவாரா?"

"ஆமா. அப்புறமும் கொஞ்ச நேரம் ஓட்டுவாரு."

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எனக்கு இது கியர் மாதிரி தெரியல. இடுப்பு வலிக்குது, வலிக்கிற எடத்தத் தேய்ச்சுக்கிறாரு. வாய்விட்டுச் சொல்ல வரலையே அவருக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. "எங்கப்பாவ எனக்குத் தெரியாதா சிஸ்டர்? அந்தக் கையப் பாத்தே வளந்தவ நான்."

"வலிக்குன்னு டாக்டர் குடுத்த மார்ஃபின் மருந்து மூடியே தெறக்காம இருக்கு. கன்னத்துக்குள்ள கொஞ்சம் விட்டுப் பாக்கலாம். தூங்கவைக்கிற அளவு இல்ல. வலிதான்னா கை நின்னுடும்."

நின்றுவிடும். அந்த ஒரு சொல்தான் அவளைச் சுட்டது. அந்தக் கை ஒன்றைத்தான் அவள் இத்தனை நாளாக அப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதையும் தன் கையாலேயே நிறுத்து என்றால் எந்த மகளுக்கு மனசு வரும்?

"நான் கட்டாயப்படுத்தல. அவரு மூஞ்சிய ஒரு தடவ நல்லாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் கைகழுவப் போனார்.

அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வீம்புக்குச் செல்போனைத்தான் எடுத்தாள், சிஸ்டரின் வாயை அடைக்க ஒரு வீடியோ கிடைக்காதா என்று. எல்லாவற்றிலும் கைதான் இருந்தது. ஒன்றில் மட்டும் போன் ஆடி, கொஞ்ச நேரம் முகம் விழுந்திருந்தது. புருவம் நெரிந்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார் அப்பா. "பிரேக் போடுங்க மாமா" என்று கேட்டது புருஷனின் குரல். கூடவே அவளுடைய சிரிப்பு.

சிஸ்டர் திரும்பி வந்தபோது மருந்துப் பாட்டில் அவள் கையில் இருந்தது. "எவ்வளவு விடணும்?"

ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்துக்குள் விட்டாள். பக்கத்திலேயே உட்கார்ந்தாள். முஷ்டி மெதுவானது. பிறகு நின்றது. விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. நெற்றியில் சுருக்கம் போய், டியூட்டி முடிந்து வந்து அசந்து தூங்கும் பழைய முகம் வந்தது.

"தெரியாமப் போச்சுப்பா" என்றாள். "சிரிச்சுட்டு இருந்துட்டோமேப்பா." அதற்கு மேல் முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சிஸ்டர் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். வலி திரும்பினால் அடுத்த வேளை மருந்தை எப்போது கொடுக்கலாம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

சாயங்காலம் புருஷன் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன மாமா, வண்டி ஓடலையா இன்னிக்கு?" என்றான். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மாமனாரின் பாதத்தைப் பிடித்துக்கொண்டான்.

விளக்குப் போடுகிற நேரம். போர்வைக்குள் அப்பாவின் இடது கை அசைந்தது. விரல்கள் மடங்கி முஷ்டியாகி, இடுப்போரமாக மெல்ல முன்னே தள்ளின.

அவள் மனசு ஒரு நொடி துள்ளியது, அப்பா வந்துவிட்டார் என்று. பிறகு எழுந்து மருந்துப் பாட்டிலை எடுத்தாள்.