சுவரில் இல்லாத எழுத்துகள்

கீழ்வானம் வெளுக்கும் முன்னரே சங்கூதித் துயில் கலைக்கும் ஆலைகளும், அவ்வாலைகள் கக்கிய புகையையே கூரையாய்ப் போர்த்துக் கிடக்கும் தெருக்களும், காலையில் நீலமும் மாலையில் செம்மையுமாய் நிறம் மாறி ஓடும் கழிவுநீர்க் கால்வாயும் உடைய அந்நகரில், சாயப்பட்டறைக்கும் அரசு நல அலுவலகத்துக்கும் இடையே, பெரியோர் இருவர் தோளிடை நெருக்குண்ட மகவைப் போல் நின்றது ஒரு பள்ளிக்கூடம். கற்றறிந்த வாசகரே, அதன் தலைமையாசிரியர் அறையில் ஒரு முற்பகலில் நிகழ்ந்ததைச் சொல்வேன், வயிறெரிந்தே சொல்வேன்.

அழைக்கப்பட்டு வந்து நின்றவள் அப்பட்டறைத் தொழிலாளி. எவ்வளவு தேய்த்தும் போகாத நீலம் முழங்கைவரை ஏறிய தன் கைகளை முந்தானைக்குள் மறைத்திருந்தாள். அருகில் அவள் மகள். வகுப்பில் அச்சிறுமிக்குக் களிமண் என்றே பெயர். கரும்பலகையைப் படி என்றால் வாய் திறவாள். உயரமானவள் என்பதால் கடைசி வரிசையில் தள்ளப்பட்டவள். வீட்டிலோ, சிக்குண்ட நூற்கண்டுகளை மூக்கருகே பிடித்து, மயிரிழை முடிச்சையும் நகத்தால் நெகிழ்த்திவிடுவாள். கழுகுக்கண் என்று பட்டறையெங்கும் பெருமை பேசிய தாய், வேலை மிகுந்த நாள்களில் அவளைப் பள்ளிக்கு அனுப்பாமல் சிக்கெடுக்க வைத்துக்கொண்டதும் உண்டு.

"ஏம்மா, இவளுக்குப் படிப்பு ஏறாது. இடத்தை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறதுக்குப் பட்டறைக்கே கூட்டிட்டுப் போயிடு" என்றார் தலைமையாசிரியர்.

பக்கத்தில் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தார் நல அலுவலக ஊழியர். சென்ற மாதம் இதே அறையின் எதிர்ச்சுவரில் எழுத்து அட்டையை மாட்டி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கண் ஆய்ந்தவர் அவரே. "கண்ணுல ஒரு பழுதும் இல்லை. நானே பார்த்தேன், ஒரு எழுத்துகூடத் தப்பலை. எல்லாம் கொழுப்பு" என்றார்.

தாய் தலைகுனிந்தாள். பெண்ணின் மடமையைத் தாயே கண்ணாரக் காணட்டும் என்று, தலைமையாசிரியர் எதிர்ச்சுவரைச் சுட்டிப் படிக்கச் சொன்னார். 'தூய்மை பேணுக' என்று பூசணி பூசணியாய் எழுதிய பலகை அங்குத் தொங்கியது.

சிறுமியின் முகம் மலர்ந்தது. கைகட்டி நிமிர்ந்து, "ட, ப, ம, ய, க, ந, வ" என்று மழைத்தாரைபோல் தடையின்றி ஒப்பித்தாள்.

அது சென்ற மாதமே கழற்றிச் சுருட்டிக்கொண்டு போன அட்டையின் எழுத்து வரிசை.

"முன்னாடி நின்னவங்க எல்லாரும் இதைத்தானே சொன்னாங்க? நான் தப்பாச் சொல்லலையே?" என்றாள் குழந்தை.

தொலைவில் உள்ளது மகள் கண்ணுக்குப் புலப்படவில்லை என்பது பெற்றவளுக்குத் தெரியாதா என்றார் ஊழியர். நாள்தோறும் பாடம் நடத்துபவருக்குத் தெரியாதா என்று பிறகு அவரே தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். அரசு சான்று தந்தபின் தமக்கென்ன என்று கைவிரித்தார் தலைமையாசிரியர். கொதிக்கும் பாத்திரத்தைக் கைமாற்றுவோர்போல் பழியை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த அவ்விருவர் நடுவே, மறைத்த நீலக்கைகளை வெளியே எடுத்தாள் தாய்.

"தெரியலைன்னு சொன்னா தோலை உரிச்சிடுவேன்னு மிரட்டி வளத்தது நான். கடைசி வரிசையில கொண்டுபோய் உக்காரவச்சது நீங்க. வரிசையா ஒப்பிக்கவிட்டுட்டுப் போனது இந்த ஐயா. இத்தனை பேரும் சேர்ந்து இவ கண்ணைக் கட்டிட்டு, இப்ப களிமண்ணுன்னா எப்படிங்க?"

விடைக்கு அவள் காத்திருக்கவில்லை. மகளை வகுப்புக்கு இழுத்துச் சென்று, முதல் வரிசையில் இடம்பண்ணி அமர்த்தினாள். "கண்ணாடி வர்ற வரைக்கும் இவ இங்கதான். யாராச்சும் எழுப்பினா நான் வாசல்லயே உக்காந்திருக்கேன், என்கிட்ட வந்து பேசட்டும்" என்றாள்.

சிறுமி கண்களை இடுக்கிக் கரும்பலகையை நெடுநேரம் நோக்கினாள். பின் தாயின் முந்தானையைப் பற்றி, மந்தணம் கூறுவாள்போல் மெல்லச் சொன்னாள்:

"அம்மா, அதுல எழுத்து இருக்கும்மா."

அந்நாள்வரை, வெறும் கரும்பலகையைக் கோலால் தட்டி ஆசிரியர் பேசுகிறார் என்றே எண்ணியிருந்தாள் அப்பேதை. வாசகரே, பெற்ற கண்ணும், கற்பிக்கும் கண்ணும், காக்கும் கண்ணும் பழுதற்றே இருந்தன. அவள் முகத்தின்மேல் ஒரு கணம் தங்கிய கண் எதுவுமில்லை. அவளுக்குக் கண்ணாடி செய்து தரலாம். நமக்கு எதைச் செய்து தருவது?