துணைக்கு வந்தவர்

சலூன்காரருக்கு வாய்தான் மூலதனம் என்று தெருவே சொல்லும். கத்தரி ஒரு பக்கம் ஓட, பேச்சு ஒரு பக்கம் ஓடும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவர்கூட சிரித்துக்கொண்டே நாற்காலியை விட்டு இறங்கிப் போவார். அதே மனிதர் வீட்டுக்குள் நுழைந்தால் ஊமை. "ம்", "சரி", "அப்புறம் பாக்கலாம்." மனைவிக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

"உங்க வீட்டுக்காரர் சொன்னதை நினைச்சு நினைச்சு எங்க வீட்டுக்காரர் சாப்பிடும்போதும் சிரிக்கிறாரு" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்ன அன்றைக்கு அவளுக்கு மனம் விட்டுப்போயிற்று. கவுன்சிலிங் மையத்துக்குப் போன் போட்டு நேரம் வாங்கினாள்.

"எனக்கென்ன பைத்தியமா?"

"இப்படியே போனா எனக்குத்தான் பிடிக்கும். எனக்காகத்தான் போறேன். நீங்க சும்மா துணைக்கு வாங்க."

துணைக்குப் போவதில் கௌரவக் குறைச்சல் இல்லை. போனார்.

ஆலோசகர் நடுத்தர வயதுப் பெண்மணி. அவர் முன்னால் மனைவி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். "பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லட்டும் மேடம். சுவரோட குடும்பம் நடத்த என்னால முடியல."

"சுவருக்காவது அப்பப்ப வெள்ளையடிக்கணும். எனக்கு அந்தச் செலவும் இல்ல மேடம்" என்றார் சலூன்காரர்.

ஆலோசகர் சிரித்துவிட்டார். பிறகு கேட்டார்: "நாள் பூரா இப்படியே பேசணுமே, அலுப்பா இருக்காதா சார்?"

அடுத்த ஜோக்குக்காகத் திறந்த வாய் அப்படியே நின்றது. கண் கலங்கிவிட்டது.

"கை நடுங்குது மேடம்" என்றார். "ஒருநாள் சவரம் பண்றப்ப ஒருத்தர் காதுகிட்ட கீறிட்டேன். அவர் பெருசா எடுத்துக்கல. அதிலேர்ந்து காலையில ஷட்டரைத் தூக்கும்போதே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. பேசிக்கிட்டே இருந்தா யாரும் கையைப் பாக்க மாட்டாங்க. வீட்ல வாயைத் திறந்தா இதுதான் வெளிய வரும். இவ பயந்துடுவா."

"இதைச் சொல்லவா இவ்ளோ நாளு?" மனைவி கோபமாகத்தான் கேட்டாள். கேட்டுக்கொண்டே அவர் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டரிடமும் காட்டினார்கள். நரம்பில் கோளாறு இல்லை, பதற்றம்தான் என்றார் அவர். மூச்சை நிதானப்படுத்தும் வழியை ஆலோசகர் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் தினமும் கொஞ்ச நேரம், சிரிக்க வைக்காமல், உள்ளதைப் பேச வேண்டும் என்றார். முதல் நாள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து திருதிருவென விழித்தார்கள்.

"இன்டர்வியூவுக்கு வந்த மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

நடுக்கம் உடனே ஓடிப்போய்விடவில்லை. குறைந்தது, திரும்ப வந்தது, மறுபடி குறைந்தது. நடுவில் சண்டைகளும் வந்தன. ஆனால் முன்பெல்லாம் அவள் ஒருத்தியே கத்திக்கொண்டிருப்பாள். இப்போது அவரும் பதிலுக்குக் கத்தினார். அதுவே அவளுக்குப் பாதி நிம்மதி.

புதன்கிழமை மதியம் கடைக்கு விடுமுறை என்றானது. பழைய வாடிக்கையாளர் ஒருவர், கழுத்துவரை துணி போர்த்தி உட்கார்ந்திருந்தவர், "புதன்கிழமைன்னா எங்கய்யா மாயமா மறைஞ்சுடுறீங்க?" என்றார்.

நக்கலாக ஏதோ சொல்ல வந்த சலூன்காரர் நிறுத்திக்கொண்டார்.

"கவுன்சிலிங் போறேண்ணே. மனசு சரியில்லாம இருந்துச்சு. இப்ப தேவலை."

வாடிக்கையாளர் கண்ணாடி வழியாக அவரையே பார்த்தார். பெஞ்சில் காத்திருந்தவர்களை ஓரக்கண்ணால் ஒருமுறை நோட்டம் விட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எந்த இடத்துல?" என்று கேட்டார்.

சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, அவர் காதருகே நிதானமாக வழி சொன்னார்.