மூடியின் வலது மூலை

கிரில்லின் மூடி புகை விடுகிறது என்று மாமா கண்டுபிடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும் அது விட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மாமா மூடியைப் பார்ப்பவர் அல்ல, கைபேசியைப் பார்ப்பவர். பெல்லட் கிரில் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த குட்டிக் குச்சிகளைத் தானே எடுத்துத் தின்று, தானே எரித்து, உள்ளே எவ்வளவு சூடு என்று கைபேசிக்குச் சேதியும் அனுப்பிவிடும் அடுப்பு. சமைப்பவருக்கு மிச்சமிருக்கும் ஒரே வேலை மூடியைத் திறக்காமல் இருப்பது. மாமா அதைத் திறம்படச் செய்துவந்தார். பின்முற்றத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "யாரும் மூடிகிட்டப் போகாதீங்க, சூடு போயிடும்" என்று அவ்வப்போது அறிவிப்பார். கோழிக்கு எண்ணெய் தடவ அக்காவுக்கு மட்டும் ஒரே ஒரு முறை அனுமதி உண்டு.

அன்று கைபேசியில் சார்ஜ் தீர்ந்துபோனதால் மாமா வேறு வழியில்லாமல் கிரில்லைப் பார்த்தார். மூடியின் வலது மூலையிலிருந்து புகை கற்றையாகக் கிளம்பி, சுவரோடு ஏறி, மாடி ஜன்னலுக்குள் நேராக நுழைந்துகொண்டிருந்தது.

மாமா இன்சூரன்ஸ் கம்பெனியில் நஷ்டத்தை மதிப்பிடுபவர். எங்கே எது ஒழுகினாலும் அதன் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார் என்பது தொழில் அவருக்குத் தந்த ஞானம். வீட்டுக்கு வந்ததும் அந்த ஞானத்தைச் சட்டையோடு கழற்றி மாட்டிவிடுவார்.

"மாப்ள!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினார்.

"இங்கதான் இருக்கேன் மாமா."

மாப்பிள்ளை என்று அவர் செல்லமாகக் கூப்பிட்டது தன் மனைவியான அக்காவின் தம்பியை. அவன் அவர் முதுகுக்குப் பின்னால் கையில் ஸ்க்ரூடிரைவரோடு நின்றிருந்தான்.

"வந்துட்டியா? உனக்கு மட்டும் எப்படித்தான் மூக்குல வேர்க்குமோ."

"போன வாரம் வாங்கிட்டுப் போனதைத் திருப்பிக் கொடுக்கலாம்னு வந்தேன்."

"போன வாரம் நீ வாங்கிட்டுப் போனது கத்தரிக்கோல்."

"அதையும் தேடிட்டிருக்கேன்."

அக்கா மேசையில் இன்னொரு தட்டை வைத்தாள்.

தம்பிக்கு வேலையிடத்தில் ரப்பர் என்று பெயர். குளிர்பதனக் கிடங்குகளின் பெரிய கதவுகளில் குளிர் கசியாமல் ஓரத்து ரப்பரை மாற்றுவது அவன் தொழில். மனைவி பிரிந்துபோனபோது ஃபிரிட்ஜையும் எடுத்துக்கொண்டு போனாள். அதன் கதவு ரப்பரை அவன் அதற்கு முந்தைய வாரம்தான் மாற்றியிருந்தான். அதன் பிறகு அக்கா வீட்டு மாடிக்குக் குடிவந்தவன், பெட்டியைப் படியில் வைத்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டான்: "என்னைப் பாவம்னு நெனச்சு ஒரு வேளை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாக்கூட அன்னைக்கே காலி பண்ணிடுவேன்." அக்காவுக்குத் தம்பியின் வீராப்பு தெரியும். சிறுவயதில் ஒருமுறை கோபித்துக்கொண்டு அலமாரிக்குள் போய் உட்கார்ந்தவன், வெளியே வரச் சொல்லி யாரும் கெஞ்சிவிடக் கூடாது என்பதற்காகக் கதவை உள்ளிருந்தே பிடித்துக்கொண்டவன். எனவே அவள் கூப்பிடவே இல்லை. அவனும் கூப்பிடாமலேயே, ஞாயிறுதோறும் புகை ஜன்னலைத் தொட்டதும், ஏதாவது ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்க இறங்கி வந்தான். திருப்பிக் கொடுக்கும் பொருள்கள் தீர்ந்துவிடக் கூடாதென்று போகும்போது எதையாவது வாங்கிக்கொண்டும் போனான்.

ரப்பருக்கு வாரத்தில் அந்த ஒரு வேளைதான் நின்றுகொண்டே சாப்பிடாத வேளை.

"மூடிக்கு கேஸ்கெட் ஒட்டணும் மாப்ள. சுத்தி நாலு பக்கமும். ஒரு சொட்டுப் புகை வெளிய போகக் கூடாது," என்றார் மாமா.

ரப்பர் கடித்துக்கொண்டிருந்த கோழியைத் தட்டில் வைத்தான்.

"எதுக்கு மாமா? புகை போறதுக்குன்னுதானே பெட்டி செஞ்சிருக்கான்? உள்ள ஃபேன் காத்தை ஊதுது, அது எங்கயாவது போய்த்தானே ஆகணும்?"

"அதுக்குத்தான் பின்னாடி குழாய் இருக்கு. குழாய் வழியா போனா அது புகை, மூடி வழியா போனா அது நஷ்டம்."

"நெட்ல போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். பாதிப் பேரு ஒட்டுங்கறான், பாதிப் பேரு ஒட்டாதேங்கறான். ஒட்டுனவன் ஒட்டாதவனை முட்டாள்ங்கறான். உன்கிட்டதான் மூட்டை மூட்டையா ரப்பர் கெடக்கே, கொண்டாந்து ஒட்டேன்."

"அது குளிருக்கு மாமா. இதுல ஒட்டினா உருகி, கோழி டயர் வாசனை அடிக்கும். சூடு தாங்கற நார்ப்பட்டை வேணும், பின்னாடி பசையோட."

"அதையே வாங்கிட்டு வா. சனிக்கிழமை வேலையை முடி."

"புகை வந்தா வந்துட்டுப் போகட்டுமேங்க," என்றாள் அக்கா, தண்ணீர் ஊற்றிக்கொண்டே. "கொசு வராம இருக்குல்ல?"

"கொசுவுக்காகவா இவ்வளவு சூட்டை வெளிய விடறது?"

"ஒரே ஒரு கொசுதான் வருது," என்றாள் அக்கா. தம்பியைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மதியம் நார்ப்பட்டையோடு ரப்பர் பின்முற்றத்துக்கு வந்தான். வாரம் முழுக்க அவன் ஒரு முடிவுக்கு வர முயன்று தோற்றிருந்தான். ஒட்டினால் புகை வராது. புகை வராமல் இறங்கிப் போனால், அது சாப்பாட்டுக்கு இறங்கிப் போவது. ஒட்டாமல் விட்டால் ஏன் என்று மாமா கேட்பார். அரைகுறையாக ஒட்டலாம் என்றால், கதவு வேலையை அரைகுறையாகச் செய்ய அவன் கைக்கு வராது. கடைசியில், மூடி நன்றாகத்தான் இருக்கிறது என்று நிரூபித்து வேலையைக் கைவிடுவதே உசிதம் என்று ஒரு பழைய செய்தித்தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்தான். கிடங்குக் கதவுகளுக்கு இதுதான் சோதனை. தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுக்க வேண்டும். பிடித்தால் கதவு நல்ல கதவு. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கேதான் ஓட்டை.

முன்பக்கம் பிடித்தது. இடது பக்கம் சுமாராகப் பிடித்தது. வலது மூலையில் தாள் கிழிந்தேவிட்டது. அவ்வளவு இறுக்கம். வாராவாரம் புகை கக்கும் மூலை அதுதான்.

ரப்பர் மூடியைத் தூக்கிக் குனிந்து பார்த்தான். விளிம்பு முழுக்கப் பிசுபிசுவென்று கரி படிந்திருந்தது. வலது மூலையில் மட்டும் விரல் அகலத்துக்குச் சுத்தமான ஒரு கோடு. இந்த மாதிரிக் கோட்டை அவன் கிடங்குகளில் நிறையப் பார்த்திருக்கிறான். குளிர் கசிகிறது என்று புகார் வரும். போய்ப் பார்த்தால் கதவில் ஒரு குறையும் இருக்காது. உள்ளே மாட்டிக்கொள்ளப் பயந்த யாரோ, வேலை முடியும் வரை இடுக்கில் ஒரு செருப்பைச் செருகி வைத்திருப்பார்கள். ரப்பர் புகாரில் "கதவு சரி, ஆள் காரணம்" என்று எழுதிவிட்டு வருவான்.

அவன் நிமிர்ந்து சமையலறை ஜன்னலைப் பார்த்தான். உள்ளே ஆணியில் வரிசையாகக் கரண்டிகள் தொங்கின. ஒன்றின் காம்பு மட்டும் கறுத்து, நடுவில் லேசாக வளைந்திருந்தது. அக்கா அதற்குப் பக்கத்தில் நின்று, அன்றைக்கு அப்போதே துலக்கி ஆக வேண்டிய அவசரம் எதுவும் இல்லாத ஒரு பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன மாப்ள, ஒட்டணுமா வேணாமா?" மாமா நாற்காலியிலிருந்து கேட்டார். "மூடி கோணலா?"

அக்காவின் கை நின்றது.

மூடி சரி, ஆள் காரணம் என்று சொல்ல ரப்பருக்கு வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் மாமா அடுத்த நிமிஷமே தொழிலில் இறங்கி, யார், எதற்கு, எத்தனை நாளாக என்று ஆரம்பித்துவிடுவார். அவன் கரி படியாத கோட்டை ஒருமுறை விரலால் தடவினான்.

"லேசான கோணல்தான்," என்றான். "ஒட்டிடலாம் மாமா."

விளிம்பைச் சுரண்டித் துடைத்து, பசை பிடிக்கும்படி சூடான துணியால் இன்னொரு தடவை துடைத்து, நார்ப்பட்டையை மூலைகளில் மடங்காமல் ஒட்டினான். வலது மூலையில் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தினான். பிறகு கை கழுவச் சமையலறைக்குப் போனான்.

"ஒட்டிட்டியா?" என்றாள் அக்கா. குரலில் உப்பு சப்பு இல்லை.

"ஒட்டிட்டேன். இனிமே அதுல கரண்டி வைக்காதே. நார் பிஞ்சிடும்."

அக்கா குழாயை மூடினாள். "எந்தக் கரண்டி?"

"அலமாரிக் கதவை நான் உள்ள இருந்து பிடிச்சப்போ, நீ வெளிய இருந்து இடுக்குல அடிஸ்கேலை விட்டியே. அந்த மாதிரிக் கரண்டி."

"நீ மூச்சு முட்டிச் செத்துடப் போறியேன்னு விட்டேன்."

"தெரியும்," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஜன்னலில் புகை இல்லை. கீழே கிரில் ஃபேன் சுழலும் சத்தமும், "பாத்தியா, சூடு ஒரு டிகிரி இறங்கல!" என்று மாமா யாரிடம் என்றில்லாமல் பெருமைப்படும் சத்தமும் கேட்டன. ரப்பர் திருப்பிக் கொடுக்க ஏதாவது கிடைக்குமா என்று அறையைச் சுற்றிப் பார்த்தான். கத்தரிக்கோல் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதை எடுத்தான். படி வரைக்கும் வந்தான். திரும்பிப் போய்க் கத்தரிக்கோலை வைத்துவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

மாமா அவன் கையைப் பார்த்தார். "இன்னைக்கு என்ன திருப்பிக் கொடுக்க வந்தே?"

"ஒண்ணும் இல்ல மாமா. பசிக்குது."

"புகைகூட வரலயே, எப்படித் தெரிஞ்சுது?"

"ஞாயித்துக்கெழமைன்னு தெரிஞ்சுது."

மாமா அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல் கைபேசிக்குத் திரும்பினார். அக்கா கோழியைப் பரிமாறிவிட்டு, ஆணியிலிருந்து எடுத்து வந்த கரண்டியை அவன் தட்டோரம் வைத்தாள். காம்பு வளைந்திருந்ததால் அது நேராக உட்காராமல் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

"வேற கரண்டி இல்லையா?" என்றான் ரப்பர்.

"இதுக்கு இப்போ வேலை இல்லையே," என்றாள் அக்கா. "சாப்பிடு."