ஃபோல்டருக்கு அடியில்

ஏசுரத்தினம் மாமாவிடம் "உங்க ரிக்கார்டு இல்ல" என்று முகத்துக்கு நேரே சொன்னவள் நான்தான். அவரிடம் மட்டுமில்லை, மூன்று வருடத்தில் ரிட்டயர் ஆன பதினோரு பேரிடமும் அதே பதில். குரலில் ஒரு தடுமாற்றம்கூட இருந்ததில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்கிறவளுக்கு அந்தத் திமிர் தானாக வந்துவிடுகிறது.

பீர்மேட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலை எஸ்டேட்டைப் புதுக் கம்பெனி வாங்கியபோது ஒரு விதி போட்டார்கள். இருபத்தைந்து வருட சர்வீஸுக்குக் கம்பெனி ரிக்கார்டு இருந்தால், ரிட்டயர் ஆனபிறகும் இருக்கிற தொழிலாளர் லயத்து வீட்டிலேயே கடைசிவரை இருக்கலாம். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். பி.எஃப். சீட்டு, பாதிரியார் கடிதம் எதுவும் செல்லாது. பழைய காகிதங்களையெல்லாம் பழைய கம்பெனி கொண்டுபோய்விட்டதாக ஊரே நம்பியது. நானும் நம்பினேன்.

என் அப்பா பாஸ்கல் போன மாதம் ரிட்டயர் ஆனார். முப்பத்தொரு வருடம் கவாத்துக் கத்தி பிடித்து முழங்கால் போனவர். சனிக்கிழமையோடு எங்கள் கெடு முடிகிறது. ஆபீஸில் காண்ட்ராக்டில் இருக்கும் எனக்கு வீடு கிடையாது. அவருடைய ரிக்கார்டைத் தேடி, இல்லை என்று அடித்துக் கொடுத்ததும் நானேதான்.

நான் பார்த்துக்கொள்வது ஆபீஸின் பின்னறையில், ஜன்னலே இல்லாத இடத்தில் இருக்கும் பழைய சர்வரை. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. கொச்சி சர்வரில் இருக்கும் ஃபோல்டரை இங்கே உள்ள ஒரு ஃபோல்டர்மேல் மாட்டிவிட்டால், அந்த ஃபைல்கள் இங்கேயே இருப்பதுபோல் திறக்கும். அதைத்தான் மவுண்ட் என்பார்கள். மூன்று வருடத்துக்கு முன் நான் சேர்ந்த வாரம் கொச்சி ஆபீஸ் ஜோமோன் ஃபோனில் சொல்லச் சொல்ல மாட்டினேன். மறையூர்த் தமிழன், பொறுமைசாலி. "காலி ஃபோல்டரான்னு பாத்துக்க பிலோமி" என்றான். பார்த்துவிட்டேன் என்றேன். பார்க்கவில்லை. 'சர்வீஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது, பெயர் பொருத்தமாக இருந்தது, அதன்மேல் மாட்டிவிட்டேன். சர்வர் எத்தனை முறை நின்று எழுந்தாலும் தானாக மாட்டிக்கொள்ளும்படியும் செய்துவைத்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

புதன்கிழமை மண் சரிந்து ரோடும் போனது, கொச்சியோடு இணைக்கும் இன்டர்நெட் ஃபைபரும் போனது. மறுநாள் காலை கரண்ட் போய் வந்தது. எழுந்த சர்வர் கொச்சியைத் தேடிப் பார்த்துவிட்டு, மாட்டாமலே விட்டுவிட்டது. வேலை ஓடாததால் சும்மா அந்த ஃபோல்டரைத் திறந்தேன். ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். இருநூற்றுப் பதினான்கு ஃபைல்கள் இருந்தன.

எனக்குமுன் இருந்த கிளார்க் யாரோ, ஒவ்வொருவரின் சர்வீஸ் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து அதில்தான் போட்டுவைத்திருக்கிறார். மாட்டுவது எதையும் அழிப்பதில்லை. குழம்புச் சட்டிமேல் தட்டைக் கவிழ்த்ததுபோல அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். மூன்று வருடமாக அந்தத் தட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு, குழம்பே இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

அப்பாவின் ஃபைலைத் திறந்தேன். மீசை வைத்த பாஸ்கல், சேர்ந்த தேதி, கையெழுத்து எல்லாம் இருந்தன. அழுதுவிட்டேன். பிழைத்தோம் என்று சத்தமாகவே சொன்னேன்.

அடுத்து ஏன் ஏசுரத்தினம் மாமாவின் ஃபைலைத் திறந்தேனோ! திறக்காமல் இருந்திருக்கலாம். இருபத்தெட்டு வருட சர்வீஸ். வீட்டு எண் ஏழு.

ஏழாம் நம்பரில் இப்போது நாங்கள் இருக்கிறோம். அவர் காலி செய்து உடும்பஞ்சோலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனபிறகு, எங்கள் பத்தொன்பதாம் நம்பர் கூரை மழையில் விழுந்தது. காலியாக இருந்த ஒரே வீடு அது, எங்களுக்குக் கொடுத்தார்கள். அவர் இருதய ஆண்டவர் படம் மாட்டியிருந்த ஆணியிலேயே எங்கள் படத்தையும் மாட்டியிருக்கிறோம். அப்பா ஃபைல் மட்டும் வெளியே வந்தால் வீடு எங்களுக்கு. இரண்டும் வந்தால் ஏழில் முதலில் இருந்த மாமாவுக்கு. வேறு காலி வீடு கிடையாது.

ஃபோன் அடித்தது. ஜோமோன்.

"ஃபைபர் ரெடி. மவுண்ட் ஆயிருக்கான்னு பாரு. இல்லன்னா கையால மாட்டு. அப்புறம், அந்தப் பழைய சர்வரைத் திங்கக்கிழம தூக்குறோம். எல்லாம் கொச்சிக்கு வந்தாச்சுல்ல?"

"அதுல வேற எதுவும் எடுக்க வேண்டாமா?"

"அடியில என்ன இருக்கப்போகுது? நீதானே காலின்னு சொன்ன."

வைத்துவிட்டான். அடுத்த நிமிடமே அப்பா கூப்பிட்டார்.

"ஏட்டி, ஆபீசுல ஏதாச்சும் தெரிஞ்சுதா? கட்டில அவுக்கவா, வேண்டாமா? ரோடு வேற இல்ல, எதுல ஏத்துறது?"

"இருங்கப்பா. அவுக்காதீங்க."

அறைக்குள் காற்றே இல்லை. எல்லார்மேலும் கோபம் வந்தது. சொல்லாமல் போன கிளார்க்மேல், நல்லவனாக இருந்து தொலைக்கும் ஜோமோன்மேல், ஒரு வார்த்தை சண்டை போடாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போன ஏசுரத்தினம் மாமாமேல். என்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஒரு புது ஃபோல்டர் உண்டாக்கினேன். இந்த முறை காலியா என்று இரண்டு தடவை பார்த்தேன். கொச்சியை அதன்மேல் மாட்டினேன். இனி இங்கிருந்து எதை நகல் எடுத்து அதில் போட்டாலும் கொச்சிக்கே போய்விடும், என் பெயரோடு. போனதை நான் திரும்ப எடுக்க முடியாது.

அப்பாவின் ஃபைல் பெயரை அடித்தேன். ஒரே ஒரு பெயர். என்டர் தட்டினால் வீட்டுக்குப் போய்க் கஞ்சி வைக்கலாம். வெகுநேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதை அழித்துவிட்டு, எல்லா ஃபைலும் என்று அடித்து என்டரைத் தட்டினேன். நல்லவளாக இருக்கவேண்டும் என்று தட்டவில்லை. அந்த ஆணியைத் தினமும் பார்க்க என்னால் முடியாது, அதனால் தட்டினேன்.

ஃபைல்கள் போய்க்கொண்டிருக்கும்போதே உடும்பஞ்சோலைக்குக் கூப்பிட்டேன். மாமாவே எடுத்தார்.

"பிலோமியா? சொல்லு தாயி."

"மாமா, உங்க ரிக்கார்டு இருக்கு. இங்கயேதான் இருந்துச்சு. நான்தான் மாமா மூடி வச்சுட்டேன். தெரியாம செஞ்சிட்டேன். வீடு உங்களுக்குத்தான்."

அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏழாம் நம்பர்ல இப்ப யாரும்மா இருக்கா?"

"நாங்கதான் மாமா."

மெதுவாகக் கேட்டார்.

"அப்ப பாஸ்கல் எங்க போவான்?"

"தெரியல மாமா" என்றேன். மூன்று வருடமாக அந்த அறையில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்களில் அது ஒன்றுதான் உண்மை.