சாமிக்கென்று கேட்ட கிடா

சண்முகராஜ் நடத்திய ஏலத்தில் ஆடு ஒன்றுதான் கிடையாது, மற்றதெல்லாம் உண்டு. கோவில்பட்டியில் ஒரு செல்போன் கடை மாடியில் அறை பிடித்து, வாட்ஸ்அப்பில் ‘கரிசல் கன்னி ஆடு ஏலம்’ என்று குழு ஆரம்பித்திருந்தான். சனிக்கிழமை தோறும் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் ஏலம். சந்தையில் எவனோ பிடித்துக்கொண்டு நின்ற கிடாவை வீடியோ எடுத்து வந்து போடுவான். அந்தக் கிடா அதற்குள் யார் வீட்டுப் பந்தியிலோ கறியாகி, எலும்பும் நாய்க்குப் போயிருக்கும். விலை கேட்கிறவன் அதைக் கண்டானா! பணத்தை முழுசாக அனுப்பினால் வண்டியில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்குவோம் என்று பேச்சு. பணம் வந்து விழுந்ததும் அந்த நம்பரைக் குழுவிலிருந்து தூக்கிவிடுவான். அவ்வளவுதான் வியாபாரம்.

மாயகிருஷ்ணனுக்கு அங்கே விலை ஏற்றிவிடுகிற வேலை. கையில் கொடுத்த போனில் அவன் பெயர் சேலம் ராஜமணி. யார் என்ன கேட்டாலும் சேலம் ராஜமணி அதற்கு மேல் ஐந்நூறு கேட்பார். ஆள் சூடேறியதும் நைசாக ஒதுங்கிக்கொள்வார். ஏமாந்தவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அதனால் பாவமும் ஒட்டாது என்று நினைத்துக்கொண்டிருந்தான், கூறுகெட்ட பயல். வீட்டில் கேட்டால் செல்போன் கடையில் வேலை என்பான். ஏலம் முடிகிற வரை சொந்தப் போனை சண்முகராஜின் மேசை டிராயரில் போட்டுவிட வேண்டும், அது அங்கே சட்டம்.

அன்றைக்குப் போட்டது கன்னி ஆட்டு இனத்தில் ஒரு கருங்கிடா. உடம்பெல்லாம் மை மாதிரி கறுப்பு, முகத்தில் மட்டும் ரெண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. பன்னிரண்டாயிரத்தில் தொடங்கியது. மற்றவர்கள் பாதியிலேயே கழன்றுகொள்ள, ரோசாப்பூப் படம் வைத்த ஒரு நம்பர் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. சேலம் ராஜமணி இருபத்துநாலு என்றதும் அந்த நம்பரிலிருந்து இருபத்துநாலரை என்று வந்தது, கூடவே ஒரு குரல் பதிவு. மாயகிருஷ்ணன் அமுக்கினான்.

“அண்ணாச்சிமாரே, நான் புதூர்ப் பக்கத்துல இருந்து பேசுதேன். எனக்கு டைப் அடிக்கத் தெரியாது, மகதான் அடிச்சித் தாரா. இந்தக் கிடா எங்க சொடலை சாமிக்கு. வாயால சொல்லியாச்சு. மத்தவிய கொஞ்சம் விட்டுக் குடுங்க.”

அது மாயகிருஷ்ணனுடைய அக்கா ஆவுடைத்தாய். ரோசாப்பூப் படம் வைத்த நம்பர், அவள் மகள் பிரித்திகா புதிதாக வாங்கிய போனுடையதாக இருக்க வேண்டும்.

அத்தான் கண்ணபிரான் வைக்கோல் லாரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தபோது, அக்கா கிடையில் இருந்த ஆட்டையெல்லாம் விற்று வைத்தியம் பார்த்தாள். மனுசன் எழுந்து நடந்தால் கருங்கிடா வெட்டுகிறேன் என்று சுடலைமாடனுக்கு நேர்ந்திருந்தாள். அத்தான் நடந்துவிட்டார். சுடலை கோயில் கொடைத் திருவிழா இந்த வாரம். தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்த வீடு, ஒற்றைக் கிடாவுக்கு மகளிர் குழுவில் முப்பதாயிரம் கடன் வாங்கி வைத்திருந்தது. அந்த முப்பதாயிரம் போனால் அக்காவிடம் வேறே ஒன்றும் இல்லை. இதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். அந்தப் பக்கத்துச் சந்தையில் ஒருவர் கிடாவின் முதுகில் கை வைத்துச் ‘சாமிக்கு’ என்று சொல்லிவிட்டால், எப்பேர்ப்பட்ட கொம்பனும் அதற்கு மேல் விலை கேட்க மாட்டான். கேட்டால் குடும்பத்துக்கு ஆகாது. அக்கா அந்த நம்பிக்கையில்தான் பேசியிருந்தாள். பாவி மகள், சந்தையை நினைத்துக்கொண்டு சண்முகராஜிடம் வந்து மாட்டியிருந்தாள்.

“சாமிக்குன்னுட்டாளா, இனி அவ வெலகமாட்டா,” என்றான் சண்முகராஜ், பல்லைக் குத்திக்கொண்டே. “இன்னும் ரெண்டு ஏத்து ஏத்திட்டு விட்டுருலே.”

விட்டுவிட்டால் கிடா அக்காவுக்கு. அதாவது, அக்கா பணம் சண்முகராஜுக்கு. டிராயரில் போன் கிடக்கிறது, மேசைக்கு அந்தப்புறம் சண்முகராஜ் உட்கார்ந்திருக்கிறான். கூப்பிட்டுச் சொல்ல வழியில்லை. சொல்லத் தைரியமும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அக்காவிடம் என்னவென்று ஆரம்பிப்பான்? அவளைக் காப்பாற்ற அவனுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அவள் கையில் கிடா கிடைக்காமல் செய்ய வேண்டும். சாமிக்குக் கேட்ட கிடா மேல் அவனே விலை கேட்க வேண்டும்.

சுடலையை நினைத்துக்கொண்டு இருபத்தாறு என்று அடித்தான்.

இருபத்தாறரை என்று வந்தது. அவன் இருபத்தெட்டு என்றான். அவள் இருபத்தெட்டரை. ‘விட்டுருக்கா, விட்டுருக்கா’ என்று மனசுக்குள் கெஞ்சினான். அவள் விடுகிற ஆளா? சின்ன வயசில் நொண்டி விளையாட்டில்கூடத் தோற்க மாட்டாள், கால் வீங்கினாலும் ஆடுவாள். அவன் இருபத்தொன்பதரை அடித்தான். முப்பது என்று வந்தது. அவளிடம் இருந்ததே அவ்வளவுதான். உடனே முப்பதரை என்று அடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

குரல் பதிவு வந்தது. சண்முகராஜே எட்டி அமுக்கினான்.

“சேலத்துக்காரரே, சாமின்னு சொன்ன பொறவும் கேக்கீரே, நீரு மனுசனா? ஒம்ம கை வெளங்குமா? வயிறெரிஞ்சு சொல்லுதேன், எங்க சொடலை ஒம்ம வீடு தேடி வருவான், பாத்துக்கிடும்.”

அழுதுகொண்டே சொன்னாள். மாயகிருஷ்ணனுக்குக் காதெல்லாம் எரிந்தது. இருந்தாலும் தப்பித்துவிட்டாள் என்று பெருமூச்சு விட்டான். வையட்டும், பணம் நின்றதே, அது போதும்.

சண்முகராஜ் அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். “சபாஷ்லே! கடைசிச் சொட்டு வரைக்கும் கறந்துட்டியே!”

“அவளுக்குத்தான் கெடைக்கலையே அண்ணாச்சி?”

“போடா மடையா. சேலத்துக்காரன் பணம் கட்டாம ஓடிட்டான்னு சொல்லி அவளுக்கே குடுத்துருவோம். இன்னைக்குப் பாரு புது வித்தைய.”

மாயகிருஷ்ணனுக்கு அப்போதுதான் கணக்குப் புரிந்தது. இருபத்துநாலோடு விட்டிருந்தால் அக்காவுக்கு ஐயாயிரத்துச் சொச்சமாவது மிஞ்சியிருக்கும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. சண்முகராஜ் ரோசாப்பூ நம்பரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, மேசை மேல் வைத்தான். குரலில் தேன் ஒழுகியது.

“யக்கா, சேலத்துக்காரன் ஏமாத்திட்டாங்க்கா. நீங்க சாமிக்குன்னு கேட்டிய, என் மனசு கேக்கல. ஒங்க முப்பதுக்கே தாரேன். இப்பமே அனுப்புனா, வெளக்கு வைக்கதுக்குள்ள கிடா ஒங்க வாசல்ல நிக்கும்.”

“நெசமாவா அண்ணாச்சி?” அக்கா மறுபடி அழுதாள், இந்தத் தடவை சந்தோசத்தில். “எங்க சொடலை கண்ணத் தொறந்துட்டான். நீங்க நல்லா இருப்பிய. ஏட்டி பிரித்திகா, ஜீபேயத் தொற. முப்பதாயிரம் போடு. முட்ட நாலையும் எண்ணிப் போடுட்டி.”

“ரகசிய நம்பர் கேக்கும்மா,” என்று சின்னக் குரல் கேட்டது.

“அடி, அடி.”

“யக்கா, அனுப்பாத!”

கத்தியது தான்தான் என்று மாயகிருஷ்ணனுக்கே ஒரு கணம் பிடிபடவில்லை. போனை மேசையிலிருந்து பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு சுவரோரம் போய்விட்டான். சண்முகராஜ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“யாரது? மாயனா? ஏலே, நீ எங்கலே அங்கன?”

“அனுப்பிட்டாளா? அனுப்பிட்டாளாக்கா?”

“இல்லலே. என்னது, ஏன் கத்துத?”

“கிடாவே கெடையாதுக்கா. எல்லாம் ஏமாத்து. இதுதான் நான் பாக்குத வேல.” அவனுக்கு மூச்சு வாங்கியது. “அந்தச் சேலத்துக்காரன் நாந்தாங்க்கா.”

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு கோழி கொக்கரித்தது. “அம்மா, அடிக்கவா வேண்டாமா?” என்று பிரித்திகா கேட்டாள். “வேண்டாம், ஜீபேய மூடுட்டி,” என்றாள் அக்கா.

சண்முகராஜ் அவன் காலரைப் பிடித்துப் போனுக்குக் கை நீட்டினான். அவன் கொடுக்கவில்லை. வேலை போகும், அடி விழும், போலீஸும் வரலாம். வந்தால் வரட்டும். அக்கா பணம் நின்றுவிட்டது என்று அவனுக்கு அழுகையாக வந்தது.

“மாயா,” என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை, அதுதான் அவனைப் பயமுறுத்தியது. “என் சத்தத்தக் கேட்டே, வேண்டாம்னுட்டே. சத்தந் தெரியாதவிய எத்தனை பேருலே பணம் அனுப்புனாவ?”

காலர் கழுத்தை இறுக்கியது, அது மாயகிருஷ்ணனுக்கு உறைக்கவே இல்லை.

“சொல்லுலே,” என்றாள் அக்கா.